பம்பரம் ஹோட்டல் போட்ட கதை

ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் பம்பரம்தான். அடுப்பில் பருப்பு கொதிக்கும்போதே காய் நறுக்குவாள். காய் நறுக்கும்போதே பாத்திரம் கழுவுகிறவளோடு சண்டை போடுவாள். அந்தச் சண்டை முடிவதற்குள் அரிசி உலைக்குப் போயிருக்கும். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீ குடிப்பதுகூட நடந்துகொண்டேதான்.

"நீங்க தனியா ஒரு ஹோட்டல் போடுங்கம்மா" என்று அவளிடம் சொல்லாத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. டாக்டர்கள் சொன்னார்கள். நர்சுகள் சொன்னார்கள். நோயாளிக்குத் துணையாக வந்து ஒரு வாரம் தங்கியவர்கள், கிளம்பும்போது மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள். "போட்டுடலாம், பாத்திரம் கழுவ நீங்க வர்றீங்களா?" என்று அவளும் சிரித்து அனுப்பிவிடுவாள். வயிறு நிறைந்தவர்கள் சொல்கிற வார்த்தை அது, கை காய்வதற்குள் மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் கேன்டீன் காண்டிராக்டர் மாறினான். புதிதாக வந்தவன் வாயில் எப்போதும் ஒரே வார்த்தைதான்: "தண்ணி ஊத்துங்க." பருப்பில் தண்ணீர், சூப்பில் தண்ணீர், பாலில் தண்ணீர். ஒருநாள் கரண்டியில் பருப்பை அள்ளிப் பார்த்தாள். கரண்டியின் அடி தெரிந்தது. கவுண்டருக்கு அப்பால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவர் அறுவைச் சிகிச்சை முடிந்து அன்றுதான் எழுந்து நடந்தவர். அவர் அதை வாங்கிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தார். அவளுக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மூலைக்கடையில் 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது.

அதோடு பிடித்தது அவளுக்குப் பேய்.

கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் மேஜை, வாசலில் கை கழுவ ஒரு தொட்டி. வீட்டுக்கு வந்து குழம்பிய தலையோடு சோற்றில் உப்பைப் போட்டாள், மறுபடியும் போட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, யாரு மேல கோபம்?" என்று கேட்டாள்.

விஷயத்தை முதலில் தம்பியிடம்தான் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்போ என்னவோ. தம்பி கண்ணாடி, அலங்கார விளக்கு விற்கிற கடையில் விற்பனையாளன். எதற்கும் இறக்கை கட்டிவிடுகிற ஆள். மறுநாளே கட்டட உரிமையாளரிடம் சாவியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, இங்க பாரு. இந்தச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மேல வரிசையா விளக்கு. ஜனங்க உள்ள வந்ததும் அசந்துடணும்."

"அசந்தவங்க சாப்பிடுவாங்களாடா?"

"நீ சும்மா இருக்கா. சாப்பாடு உன் பொறுப்பு. மிச்சத்தை என்கிட்ட விடு."

அவள் கணவனும் வந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மற்றவர்கள் வீட்டுக்கு மேலேயும் கீழேயும் போய்வருகிறவர் என்பதாலோ என்னவோ, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அழகைப் பார்க்கமாட்டார். ஓட்டையைத்தான் பார்ப்பார். சமையலறைப் பக்கம் போய்க் குனிந்து சாக்கடைக் குழாயைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"புகை எங்க போகும்?" என்றார்.

"ஜன்னல் வழியா போகும் மாமா" என்றான் தம்பி.

"ஜன்னலுக்கு நேர் மேல மாடி வீட்டு ஜன்னல் இருக்கே."

பம்பரத்துக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் எங்க பழுதாகும்னுதான் தோணும். ஒரு வார்த்தை நல்லதா சொன்னா வாய் வலிக்குமா?"

பேசாமல் இருப்பது அவருடைய சண்டை. வீட்டுக்கு வந்தும் அந்தச் சண்டை நடந்தது. மூன்றாம் நாள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே வாயைத் திறந்தார். "எனக்கு ஹோட்டல் வேணாம்னு இல்ல. நீ அங்க போயிட்டா இங்க யாரு இருப்பாங்கன்னுதான்." சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். இப்போது அவர் தெருமுனை திரும்பும்வரை வாசற்படியிலேயே நின்றாள்.

ஆனாலும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேலைக்குப் போகும்போது மூலைக்கடை வழியாகப் போனாள். வரும்போதும் அதே வழி. விடுப்பு நாளில் மதியம் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். காலையில் அந்தத் தெருவில் ஜனங்கள் ஓடினார்கள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எவன் உட்கார்ந்து சாப்பிடுவான்? மதியம் தெருவே காலி. ஒரு பூனை மட்டும் நடுரோட்டில் படுத்திருந்தது. மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குப் போகிற வேகத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. யாராவது ஒருத்தராவது நின்று, 'இங்கே ஒரு ஹோட்டல் இருந்தால் நன்றாயிருக்குமே' என்று நினைக்கக்கூடாதா?

பக்கத்தில் சாவி செய்கிறவர் ஒருவர் குடை போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அடிக்கடி வந்து நிற்பதைக் கவனித்திருக்கிறார் போல.

"என்னம்மா, கடை எடுக்கப் போறீங்களா? ஹோட்டலா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, இதுக்கு முன்னாடி எல்லாருமே ஹோட்டல்தான் போட்டாங்க. ஒவ்வொருத்தரும் போகும்போது பூட்டை மாத்தச் சொல்லி என்கிட்டதான் வந்தாங்க" என்றார், அரத்தைத் தேய்த்துக்கொண்டே. "கடைசியா இருந்தவரு தங்கமான மனுஷன். இப்ப மார்க்கெட் பக்கம் பெயின்ட் கடையில இருக்காரு. தொப்பி போட்டிருப்பாரு, போனா தெரியும்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

தொப்பிக்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடைக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. வாடிக்கையாளர் ஒருவர் சுவருக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று தவித்துக்கொண்டிருக்க, இவர் அவருடைய மாமியார் உடல்நலம் வரைக்கும் விசாரித்து முடித்து நீலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். பம்பரம் தான் வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தக் கடையா? உக்காருங்க மேடம், உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

அவள் உட்காரவில்லை. "ஏன் மூடிட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு விருந்து வைக்கப் பிடிக்கும். நாலு பேர் வந்து உக்காந்து சாப்பிட்டா மனசு குளிரும். அதை நம்பிக் கடை போட்டேன். எனக்குச் சமைக்கத் தெரியாது. அதை யோசிக்கல." அவர் சிரித்தார். "சமையலுக்கு ஒருத்தரை வச்சேன். அருமையான கை. மெனு கார்டு பத்திரிகை மாதிரி பக்கம் பக்கமா அடிச்சேன். எது கேட்டாலும் உண்டு. ஒருநாள் அவரு வரல. மறுநாளும் வரல. மூணாவது தெருவுல வேற கடையில சேர்ந்துட்டாருன்னு தெரிஞ்சுது. என்கிட்ட மிஞ்சுனது மெனு கார்டு மட்டும்தான்."

"மாடியில யாரு இருக்காங்க?"

"அந்தம்மாவா? கல்யாண உடை தைக்கிறவங்க. வெள்ளைத் துணி. நாம கீழ வெங்காயம் வதக்கினா மணப்பெண்ணு மேல வெங்காய வாசனை. அவங்க வந்து என்கிட்ட சண்டை போடல, அழுதாங்க. சண்டை போட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். அப்புறம் நகராட்சியில எழுதிக் கொடுத்தாங்க. அவங்க பொழப்பு அவங்களுக்கு, என்ன சொல்றது?"

பம்பரத்துக்குக் கணவன் அண்ணாந்து பார்த்தது ஞாபகம் வந்தது. அதை அவரிடம் போய் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற நினைப்பு அதைவிடக் கசந்தது.

கிளம்பும்போது தொப்பிக்காரர் ஒன்று கேட்டார். "உங்களுக்கு மனுஷங்களைப் பிடிக்குமா மேடம்?"

"சாப்பிடறவங்களைப் பிடிக்கும்."

"அது வேற" என்றார் அவர். அதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

அந்த 'அது வேற' முள் மாதிரி அவளுக்குள் நின்றது. கேன்டீனில் சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ஜனங்கள். கவுண்டரில் வேறு ஆள். அவள் முன்னால் வந்து பரிமாறி வருஷங்களாகிவிட்டன. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அவள் கணவன் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனிப் பட்டறையில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போடுவார்கள். அன்று மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வரும். "இந்தத் தடவை நான் போடறேன். நிஜ ஹோட்டல் மாதிரி. மேஜை போட்டு, கேட்டுக் கேட்டு" என்றாள். அவர், "சரி. பட்டறைக்குப் பின்னாடி இடம் இருக்கு. மேல யாரும் இல்ல" என்றார்.

அன்றைக்குச் சமையல் குறை சொல்ல முடியாதபடி வந்தது. மீன் பொன்னிறத்தில் வறுபட்டது. பருப்பு கரண்டியில் நின்றது. தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மகள் தட்டுகளை எடுத்துப் போனாள். முதல் வரிசை சாப்பிட உட்கார்ந்ததும் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வெல்டர் காயைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்.

"ஏன் சாப்பிடல?" என்றாள் நேரே போய்.

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். வாயில் சோறு. "சாப்பிடறேன்மா, கடைசியில..."

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று அவசரமாக அள்ளி வாயில் போட்டவருக்குப் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். இன்னொருவர் மெல்ல, "பருப்புல கொஞ்சம் உப்பு..." என்று ஆரம்பித்தார்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள் பம்பரம். "முதல்ல தண்ணி குடிச்சுட்டு மறுபடி சாப்பிட்டுப் பாருங்க."

அவர் தண்ணீர் குடித்தார். மறுபடி சாப்பிட்டார். "சரியாத்தான் இருக்கு" என்றார், போலீஸ்காரர் எதிரே நிற்பது போல. வரிசை முழுக்கப் பேச்சு நின்று போயிற்று. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் காலி செய்வதிலேயே குறியாக இருந்தார்கள்.

மகள் வந்து அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா, நீ சோறு போடறியா, பரீட்சைத்தாள் திருத்தறியா?"

"எதை மிச்சம் வைக்கிறாங்கன்னு பாக்க வேணாமா?"

"பாரு. ஆனா அவங்க உன்னைப் பாக்கக் கூடாது."

அதற்குள் மூக்கில் ஏறியது அந்த வாசனை. சோறு அடிப்பிடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் சோறு தீய்ந்ததில்லை. இரண்டாவது வரிசைக்கு மேல்சோற்றை மட்டும் வழித்துப் போட்டார்கள். தம்பி, "இது தனி மணம் சார்" என்று சிரித்துச் சமாளித்தான். பம்பரம் பட்டறையின் பின்படியில் போய் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து, உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஓடிவந்தார் கணவன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "மூலைக்கடை வேணாம். புகை விஷயம் நீங்க சொன்னது சரிதான்."

"புகைக்காகவா வேணாம்ங்கற?"

"எல்லாத்துக்கும்தான்."

தம்பிக்குத்தான் தாங்கவில்லை. நண்பர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பெயர்ப்பலகைக்கு எழுத்துக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டான். "நீ எப்பவும் இப்படித்தான்கா. வீட்டைச் சுத்தி ஓடுவ, உள்ள போகமாட்ட" என்று சொல்லிவிட்டுப் போனவன் பல வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூலைக்கடையை வேறொருவர் எடுத்தார். வேறிடத்தில் சுட்ட ரொட்டியையும் பன்னையும் கொண்டுவந்து விற்கிற கடை. அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்த அன்று அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நல்ல இடத்தைக் கோட்டை விட்டுவிட்டோமோ என்று மருகினாள். பிறகு, அது நமக்கு நல்ல இடமே இல்லையே என்று சமாதானம் செய்துகொண்டாள். மறுநாள் காலையில் மறுபடியும் மருகினாள்.

இந்தத் தவிப்பில்தான் அவள் வேறு தெருக்களில் நடக்க ஆரம்பித்தாள். எங்கே யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. அச்சகங்கள் வரிசையாக இருந்த ஒரு குறுக்குத் தெருவில், மதிய மணி அடித்ததும் ஆட்கள் மை படிந்த கையோடு வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் அரை மனதாகப் பெட்டிக்கடை பிஸ்கட்டைத் தின்பதைப் பார்த்தாள். அந்தத் தெருக்கோடியில் பழைய சைக்கிள் கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஓட்டுக் கூரை. மேலே மாடி இல்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாலையில் கணவனை மட்டும் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

அவர் குனிந்து பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். "புகைபோக்கி நேரா மேல போகும். சாக்கடைதான் கொஞ்சம் உசத்தணும்."

"முன்னாடி நிக்க ஆள் வேணும்" என்றாள் அவள். "நான் நிக்கக் கூடாது."

ஆள் தானாக வந்தார். தொப்பிக்காரருடைய அண்ணன் காலை ஒடித்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருக்குத் துணையாக வந்த தொப்பிக்காரர் மதியம் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தார். பம்பரம் உள்ளேயிருந்து கவனித்தாள். அவர் உட்கார்ந்த மேஜையில் அதுவரைக்கும் அவரவர் கவலையோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர்கள், கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெரியவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார். அதே தண்ணீர்ப் பருப்புதான். அவள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, பெயின்ட் கடையில சம்பளம் ஒழுங்கா வருதா?"

"வருது. அங்க சிரிக்கத்தான் ஆள் இல்ல. ஏன் மேடம்?"

அவள் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஒரு தடவை விழுந்தவன் நான். வீட்டுல சொன்னா அடிக்க வருவாங்க."

"அப்ப நீங்க தனியா விழுந்தீங்க."

"இப்ப ரெண்டு பேரா விழுவோம்ங்கறீங்களா?"

"நான் வேலைக்கு வராம நிக்கமாட்டேன். நீங்க என்னை வெளிய விடாம பாத்துக்கங்க. அவ்வளவுதான்."

அவர் ஒரு வாரம் கேட்டார். நாலே நாளில் வந்தார். ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இருவரும் நாள்கணக்காகச் சண்டை போட்டார்கள். அவருக்குப் பெரிய மெனு வேண்டும். அவளுக்குச் சோறு, பருப்பு, ஒரு காய், மீன் அல்லது முட்டை. அதற்கு மேல் கிடையாது. அவருக்கு மாலையிலும் திறக்க வேண்டும். அவள் கணவன் வாசற்படியில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, மதியத்தோடு சரி என்று நின்றாள். யாராவது ஒருவர் விலகிப் போனால் அடுப்பு யாருக்கு, பெஞ்சு யாருக்கு என்பதைக்கூடப் பேசினார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடியே பிரிவினை பேசற மாதிரி இருக்கு தங்கச்சி" என்று அவர் முகம் சுளித்தார். "இப்ப பேசிட்டா அப்புறம் பேச வேண்டாம்ணே" என்றாள். மேடம் தங்கச்சியானது அந்தச் சண்டையில்தான்.

சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்றார்கள். அதை அவள் கணவன் வெட்டினார். வேண்டுமென்றே தாழ்வாக வெட்டியிருந்தார். உள்ளேயிருந்து பார்த்தால் சாப்பிடுகிறவர்களின் கையும் தட்டும் தெரியும். முகம் தெரியாது. அவர்களுக்கும் அவள் முகம் தெரியாது.

"இது என்ன, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகாதா?" என்றாள்.

"எப்பவும் குனிய வேணாம். தட்டு திரும்பி வரும்போது பாத்தா போதும்" என்றார் அவர். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கேன்டீன் வேலையை விட்ட அன்று, மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தைத் தூக்கி எறிகிறோமே என்று பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கடை திறந்த முதல் நாள்களில் பாதிச் சோறு மிஞ்சியது. அவள் பின்வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தாள். அச்சகத்து ஆட்கள் தெருவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொப்பிக்காரர் வாசலில் நின்று கூவவில்லை. அச்சகத்துக்குள்ளேயே போய், மை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்தார். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பெஞ்சு நிறைந்தது. மழை பெய்த ஒரு நாள் ஈ காக்கை வரவில்லை. அன்று அவள் அழுதாள், தொப்பிக்காரர் பாட்டுப் பாடினார். அடுத்த நாள் வழக்கம்போல இடம் பிடிக்கச் சண்டை. ஒரு வாரம் மீன்காரர் கெட்ட மீனைக் கொடுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க முட்டைதான் போட்டாள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தொப்பிக்காரர் அதை எப்படிச் சொல்லிச் சமாளித்தார் என்று இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

தம்பி ஒருநாள் மதியம் தானாக வந்து உட்கார்ந்தான். ஜன்னலில் கை தெரிந்தது, மோதிரம் தெரிந்தது. யார் என்று தெரிந்துவிட்டது. அவள் இரண்டு துண்டு மீன் வைத்து அனுப்பினாள். தட்டு துடைத்த மாதிரி திரும்பி வந்தது. போகும்போது, "உள்ள வெளிச்சம் போதாது" என்று தொப்பிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு நாள் கழித்து, அவன் கடையில் விற்காமல் கிடந்த ஒரு விளக்கை ஏணியோடு கொண்டுவந்து மாட்டினான். அக்காளோடு அதிகம் பேசவில்லை. ஏணியை மட்டும் பிடிக்கச் சொன்னான்.

கடைக்கு வாரம் ஒருநாள் விடுமுறை வேண்டும் என்பது கணவனும் மகளும் போட்ட நிபந்தனை. முதல் விடுமுறை நாளில் அவள் வீட்டில் துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எரிவாயுவைச் சரியாக மூடினோமா? எலி உள்ளே போயிருக்குமோ? மதியம் நெருங்க நெருங்கக் கால் பரபரத்தது. "கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்றேன்" என்று கணவனிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாவி ஆணியில இருக்கு" என்றார்.

அச்சகத் தெரு ஓய்ந்து கிடந்தது. கொட்டகைக்கு முன்னால் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கதவிடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி.

"அண்ணே!"

திடுக்கிட்டுத் திரும்பினார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் தங்கச்சி. பூட்டு சரியா இருக்கான்னு..."

"சரியா இருக்கா?"

"இருக்கு. உள்ள ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துது. அதான்."

இருவரும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டார்.

"புகைபோக்கியில எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும்ணே. திறந்ததுதான் திறந்தோம், தேய்ச்சுட்டுப் போயிடலாம்."